எழுபது தகடு, எண்பது அட்டை

பெயின்டருக்குத் தன் அக்கா வீட்டுக்காரர் மேல் ஒரு மனக்குறை இருந்தது. சொத்துத் தகராறு கிடையாது, பேச்சுவார்த்தை நின்றதும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே கார் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள், ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடித்தார்கள். குறை இவ்வளவுதான்: மாமா ஒரு நாள், வாய் தவறி அல்ல, நன்றாக யோசித்தே, எல்லோர் முன்னாலும் ஒரு தீர்ப்புச் சொன்னார். அதனால் பெயின்டருக்கு 'அட்டை' என்று பேர் விழுந்தது. விழுந்தது வருஷக்கணக்காக எழுந்திருக்கவே இல்லை.

கேட்கிறவர்கள் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். வண்டி விட வருகிற ஆளிடம் ஒயர்மேன், "கலர் என்னன்னு அட்டைகிட்ட சொல்லிடுங்க சார்" என்பான். அவர் பெயின்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போவார். "அந்த அட்டை இல்ல சார், பெட்டி செய்வாங்களே, அந்த அட்டை" என்று பெயின்டரே விளக்கம் சொல்லும்படி ஆயிற்று. அது இன்னும் கேவலம்.

அந்தத் தீர்ப்பை மாமா தன் வாயாலேயே திருப்பி வாங்க வேண்டும். பெயின்டர் கேட்டதெல்லாம் அதுதான். வேறு யார் சொன்னாலும் அவருக்குக் கணக்கில்லை. ஏன் என்றால், மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை.

மாமா டிங்கர். மோதி ஒடுங்கிய காரின் உடம்பைத் தட்டி நேராக்குகிற வேலை. நேரான தகட்டுக்குச் சாயம் ஏற்றுவது பெயின்டர் பாடு. மற்ற டிங்கர்கள் மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே விட்டுவிட்டு, "பட்டியைப் பூசி மூடிக்கப்பா" என்று போய்விடுவார்கள். பட்டி என்பது பள்ளத்தை அடைக்கிற மாவு. பூசித் தேய்த்து மேலே சாயம் அடித்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது, ஒரு கோடை தாண்டினால் வெடித்து ஊருக்கே தெரியும். மாமா விட்ட கதவில் பட்டிக்கு வேலையே இருக்காது. அதற்காகவே பெயின்டர், வேறு பட்டறைக்காரர்கள் கூப்பிட்டபோதெல்லாம் போகாமல் அங்கேயே கிடந்தார்.

ஒடுக்கை மாமா கண்ணால் தேடமாட்டார். கையில் ஒரு மெல்லிய வேஸ்ட் துணியைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளங்கையைத் தகட்டின் மேல் வழியவிடுவார். வெறுங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும், துணிக்கு அந்தப் புத்தி கிடையாது என்பார். இடம் அகப்பட்டதும் வெளிப்பக்கம் சுத்தியல், உள்பக்கம் டாலி என்கிற இரும்புக்கட்டி. நடுவில் தகடு. இரண்டு கையும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது, ஆனால் ஒரே இடத்தில் வந்து சந்திக்கும். தட்டத் தட்ட அந்தச் சத்தம் மாறிக்கொண்டே போகும். "தகடு நேராயிடுச்சுன்னா அதுவே சொல்லும் மாப்ள. நாம கேட்டா போதும்." காதில் பஞ்சு வைக்கச் சொல்லி அக்கா எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். "பஞ்சு வச்சா அது பேசுறது எப்படிடீ கேக்கும்?" என்று முடித்துவிடுவார்.

பட்டறையில் முன்னெல்லாம் ரேடியோதான். பாடுகிற அம்மா "ஆ" என்று இழுக்க ஆரம்பித்தால் மாமாவின் சுத்தியல் அதைத் தின்றுவிடும். மிச்சம் வருவது விளம்பரம் மட்டும். அப்படி இருந்தபோதுதான் லாரியில் மோதி அப்பளமான ஒரு கார் வந்தது. ஓட்டிய ஆளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அந்த வண்டியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்று சொல்லி, உள்ளே இருந்த சாமானோடு பட்டறைக்கே விட்டுவிட்டுப் போனார். டேப் செட் ஒன்று, ஒரு பை நிறையக் கேசட். மாமா செட்டைக் கழற்றி பேட்டரியில் கொடுத்தார். ஸ்பீக்கர் மட்டும் கதவுக்குள் இருந்தது. அதைப் பிரிக்க மனசு வராமல் கதவையே தூக்கிச் சுவரில் மாட்டினார். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியும் அதிலேயே தொங்கும்.

முதல் கேசட் போட்டதும் பட்டறையே நிமிர்ந்து பார்த்தது. மாமா சுத்தியலை ஓங்கியபடி நின்றார்.

"டேய், இவன் நம்மளவிடச் சத்தமாத் தட்டுறான்டா!"

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மாமாவின் மகள்தான் கேசட்டின் அட்டைப்படத்தைப் பார்த்து, இதற்கு ஹெவி மெட்டல் என்று பேர் என்றாள். மாமா தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"ஹெவின்னா கனம். மெட்டல்னா தகடு. கனமான தகடு. நமக்குன்னே பேர் வச்சிருக்கானுங்க மாப்ள!"

அன்றைக்குப் பிடித்த பித்துதான். பேரை அப்படியே எடுத்துக்கொண்டதால், காரைப் பிரிப்பதைப் போலவே பாட்டையும் பத்துப் பத்து வருஷமாகப் பிரித்தார். அட்டையில் இருக்கும் வருஷத்தை மகள் படித்துச் சொல்ல, கேசட்டுகள் சுவரில் வரிசையாக நின்றன: எழுபது, எண்பது, தொண்ணூறு. ஆட்களைக் கூப்பிடுவது போலத்தான் அவற்றைக் கூப்பிடுவார்கள். "எழுபதை எடு." "தொண்ணூறு எங்கடா போச்சு?"

மாமா எழுபது கட்சி. "எழுபதுல வந்த காரோட கதவைத் தட்டிப் பாரு. தொம்முன்னு சொல்லும். தகடு அவ்வளவு கனம். அவன் பாட்டும் அப்படித்தான். அவசரமே கிடையாது. ஒரு அடி அடிச்சா, அது அடங்குற வரைக்கும் நின்னு கேட்டுட்டு அப்புறம் அடுத்த அடி. கிடார்காரன் கம்பியைத் தளர்த்திவிட்டு வாசிக்கிறான், தரையே உறுமுது. வேலை தெரிஞ்சவன்!"

ஒயர்மேன் தொண்ணூறு கட்சி. வண்டிகளின் மின்சார வேலை அவனுக்கு. அவன் தொண்ணூறைப் போட்டால் கம்பி இன்னும் தளர்ந்து, பாடுகிறவன் தொண்டையில் சரளைக்கல் உருளும். சந்தோஷம் என்கிற பேச்சே இருக்காது. மாமா அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிடா. சைலன்சர்தான் கழண்டு விழுந்துடுச்சு." ரெண்டாயிரத்தைப் பற்றிக் கேட்டால், வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான், நடுவில் கம்ப்ரசர் ஓடுகிறது, முதலாளி சம்பளம் தராத கோபம் போல, எதற்கும் யூனியனில் சொல்லி வை என்பார். அப்புறம் கேசட் வருவதே நின்றுபோனது. மாமாவின் கணக்கும் அத்தோடு நின்றது. கேசட்டில் வராதது மெட்டலே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு எல்லா வருஷமும் ஒன்றுதான். "பரண்லேர்ந்து பாத்திரம் உருளுது. எழுபதுல உருண்டா என்ன, எண்பதுல உருண்டா என்ன?"

பெயின்டர் எண்பது கட்சி. அவர் தொழில் அப்படி. எண்பதில்தான் பளபளப்பு வந்தது என்பது அவர் எண்ணம். எழுபது பிரைமர் அடித்த தகடு, நல்ல கனம், ஆனால் மேலே ஒன்றும் ஏறவில்லை. எண்பதில் வேகம் ஏறியது, இரண்டு கிடார் ஜோடி போட்டுக்கொண்டு ஒரே மெட்டை ஒருத்தன் மேலேயும் ஒருத்தன் கீழேயுமாக ஏறுகிறார்கள், பாடுகிறவன் கிரைண்டர் தகட்டு விளிம்பில் பட்டது போலக் கீச்சென்று எகிறுகிறான். மூன்று கோட் சாயத்துக்கு மேல் வார்னிஷ் அடித்துப் பாலிஷ் போட்ட மாதிரி. இதையெல்லாம் அவர், பட்டறையில் யாரும் இன்னும் போட்டுப் பார்க்காத ஒரு எண்பதை எடுத்துப்போய்த் தன் வீட்டு டேப்பில் கேட்டு, தலை கிறுகிறுத்துப் போய், மறுநாள் அந்தக் கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மாமாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கதை அங்கேதான் கோணியது.

டீ வேளை. எல்லோரும் இருந்தார்கள். செட்டில் போட்டதும் பெயின்டருக்கே முகம் விழுந்துவிட்டது. கீச்சென்று எகிறியவன் பல்வலியில் கொட்டாவி விடுகிறான். ஜோடிக் கிடார் சேற்றில் கால் வைத்து வைத்து எடுக்கிறது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. கையில் துணியைச் சுற்றி, சுவரில் தொங்கிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, பாட்டு முடிகிற வரை நின்றார். மச்சினன் கொண்டுவந்ததாயிற்றே, அதற்கு உண்டான மரியாதை. அப்புறம் கண்ணைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காத மாப்ள. நனைஞ்ச அட்டையைத் தட்டுற மாதிரி இருக்கு."

பட்டறை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. "அட்டை! அட்டை!" என்று ஒயர்மேன் தொடையைத் தட்டினான்.

"வீட்டுல வேற மாதிரி இருந்துச்சு மாமா. சத்தியமா."

"வீட்டுல எல்லாமே வேற மாதிரிதான்டா இருக்கும். உங்கக்கா வீட்டுல என்னைக்கூட மரியாதையாத்தான் பேசுவா."

"உங்க செட்டு மெதுவா ஓடுதோ என்னவோ…"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமா எழுந்து எழுபதைப் போட்டார். அது யானை நடப்பது போல நடந்து வந்தது.

"இது எப்படிப் போகுது?"

"…நல்லாத்தான் போகுது."

"செட்டு சரியில்லன்னா இதுவும் கெட்டுல்ல போயிருக்கணும்? உன் வீட்டு செட்டுதான் நாய் துரத்துற மாதிரி ஓடுது. போய் அதைப் பாரு."

பேச்சில் ஓட்டை இருந்தது, ஆனால் எங்கே என்று பெயின்டருக்குப் பிடிபடவில்லை. வீட்டு செட்டும் ஓட்டை உடைசல்தான். எது சரி என்று யாரைக் கேட்பது? கேசட்டைச் சட்டைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அட்டை.

இதெல்லாம் நடந்து மாமாவின் மகள் படித்து முடித்து, வெளியூரில் வேலைக்குப் போய், அங்கேயே வீடும் பார்த்துவிட்டாள். மாமாவுக்குத் தலை நரைத்தது. வீட்டில் அவர் பேசினால் அடுத்த வீட்டுக்காரர் பதில் சொல்கிற அளவுக்குச் சத்தம் கூடியது. அக்கா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். முதலில் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தாள். குக்கர் விசில் அடித்து, மாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் அடிக்கலையா?" என்று கேட்ட அன்றுதான் அவளுக்குப் பகீரென்றது.

டாக்டரிடம் பெயின்டர்தான் கூட்டிப்போனார். வாழ்க்கை முழுக்க இரும்பைத் தட்டியதில் சன்னமான சத்தமெல்லாம் காதிலிருந்து போய்விட்டது, தடித்த சத்தம் மட்டும் மிச்சம், அதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மாமாதான் பெயின்டர் தோளில் கை போட்டார்.

"சன்ன சத்தம்னா உங்கக்கா திட்டுறதுதானே? போகட்டும் விடு. எழுபது இருக்குல்ல, அது போதும்."

அடுத்த லீவுக்கு மகள் வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு போனும், காதை முழுக்க மூடுகிற ஹெட்போனும் கொண்டுவந்தாள். பழைய எழுபதையெல்லாம் தேடி அதில் ஏற்றியிருந்தாள். சத்தத்தைக் கூட்டி அவர் தலையில் மாட்டிவிட்டாள். பெயின்டரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மாமாவின் முகம் மலரும் என்று எல்லோரும் பார்த்தால், புருவம் சுருங்கியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இவனை யாரு விரட்டுறது?"

"என்னப்பா?"

"பஸ்ஸைப் புடிக்க ஓடுறவன் மாதிரி வாசிக்கிறான். நம்ம எழுபது இது இல்ல. போலி."

"அப்பா, இதுதான்பா ஒரிஜினல். நீங்க கேட்டதுதான் வேற வேகம்."

பெயின்டருக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. அத்தனை வருஷத்துச் சூடு. மறுநாள் காலையில் ஒயர்மேனைப் பிடித்து உட்காரவைத்து, செட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ஒயர்மேன் விசில் அடித்தான். மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கிற பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். தொளதொளவென்று வழுக்கி வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதை எவன்டா மாட்டுனான்?"

மாமா குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வருகிற வரைக்கும்.

"நான்தான்டா! கழட்டுன அன்னைக்கே பெல்ட்டு அறுந்து கெடந்துச்சு. டியூபை வெட்டி மாட்டுனேன். ஓடுச்சு, மறந்துட்டேன். எழுபது ஏற்கெனவே நிதானமானவன், இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ராஜா ஆயிட்டான். எண்பது ஓடுறவன், அவனை இழுத்தா? விழாம என்ன பண்ணுவான்? மாப்ள, அன்னைக்கே நீ சரியாச் சொன்னே. நான்தான் கேக்கல."

அந்தப் பேச்சே போதும் என்று வேறொருவன் நினைத்திருப்பான். பெயின்டருக்குப் போதவில்லை. செட்டு தப்பு என்பது ஒன்று, எண்பது நல்லது என்பது வேறு. புது பெல்ட் மாட்டினார்கள். பெயின்டர் அந்தப் பழைய கேசட்டைத் துடைத்துப் போட்டார். கதவிலிருந்து எண்பது வெளியே வந்தது. ஜோடிக் கிடார் தீப்பொறி பறக்க ஏறியது, பாடுகிறவன் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனான்.

"யப்பா! அட்டை தகடாயிடுச்சுடா!" என்று ஒயர்மேன் துள்ளினான்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா துணி சுற்றிய கையைக் கதவில் வைத்து, கண்ணை மூடி நின்றார். பாட்டு பாதி போனபின் கண்ணைத் திறந்தார்.

"டிரம்முகாரன் நல்லாத் தட்டுறான். பாடுறவன் எங்கப்பா, லீவா?"

பெயின்டர் மெதுவாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். ஒயர்மேன் மாமாவின் முன்னால் வந்து நின்று, 'நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே' என்று சைகை காட்டினான். மாமா அதைப் புரிந்துகொண்டார்.

"கேக்காததை எப்படிடா நல்லா இருக்குன்னு சொல்றது? பட்டி பூசுற வேலை நம்மகிட்ட கிடையாது."

பெயின்டருக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு மாமா அவர் கண்ணில் சாதாரண ஆளாகியிருப்பார்.

அதற்குப் பிறகு பெயின்டர் ஒன்றைக் கவனித்தார். மாமா விட்ட கதவுகளில் கை வைத்தால் அங்கங்கே மெல்லிய மேடு தட்டியது. தகடு 'போதும்' என்று சொல்கிற அந்தக் கடைசிச் சத்தம் சன்னமானது, அது மாமாவுக்கு இப்போது கேட்பதில்லை. பெயின்டர் யாரிடமும் சொல்லாமல் பட்டி போட்டு நிரவினார். ஒரு நாள் மாமா பின்னால் வந்து நின்றார். பட்டி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மாவு வேகமாத் தீருது?"

"சும்மா… மேலாக்கத்தான் மாமா."

மாமா அந்தக் கதவைத் துணிக்கையால் ஒரு தடவை வழித்துப் பார்த்தார். "கேட்டுக்கிட்டே தட்டுனா டிங்கரிங். கேக்காமத் தட்டுனா அடிதடி" என்றார். அன்று சாயங்காலமே பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டார். மகள் ஊருக்கு அக்காவோடு போய் இருக்கப்போவதாக முடிவாயிற்று. கோபமோ மனத்தாங்கலோ இல்லை. சுத்தியல்களைத் துடைத்து அடுத்து வருகிறவனுக்கென்று மாட்டிவைத்தார். டாலியை மட்டும் எடுத்துக்கொண்டார். வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்று அக்காவிடம் சாக்குச் சொன்னார்.

பட்டறையில் அவருடைய கடைசி நாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் பெயின்டரைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். அந்த டியூப் வளையம்.

"இதைத் திரும்ப மாட்டு."

"எதுக்கு மாமா? எழுபது கேக்கணுமா?"

"உன் எண்பதைப் போடு. ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். இந்த ரப்பரு கீச்சுக் குரலை மாட்டுக் குரலாக்குச்சுல்ல? கீச்சுதானே எனக்குக் கேக்காது. மாடு கேக்கும்."

பெயின்டர் செட்டைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றி வளையத்தை மாட்டினார். கேசட் ஓடியது, அதே கொட்டாவி, அதே சேறு. மாமா துணியைச் சுற்றிக்கொண்டு கதவில் உள்ளங்கையை வைத்தார். தலையை ஆட்டினார்.

"வருது. இன்னும் கொஞ்சம் தடிமனா வேணும். சக்கரத்துல விரலை வச்சு இழுத்துப் புடி."

பெயின்டர் திறந்து கிடந்த செட்டுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, சுற்றுகிற சக்கரத்தின் ஓரத்தில் மெல்ல வைத்தார். பாட்டு இன்னும் இறங்கியது. யாரும் கேட்கச் சகிக்காத கோலம். மாமாவின் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒடுக்கு அகப்பட்டதும் வருகிற அந்த முகம்.

"மாப்ள… இது ஒரு கிடார் இல்லடா. ரெண்டு!"

"ஆமா மாமா."

"ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே. ஒண்ணு சுத்தியல், ஒண்ணு டாலி. ஒருத்தனை ஒருத்தன் பாக்காமலே ஒரே எடத்துல வந்து நிக்கிறானுங்க! இத்தனை வருஷமா இதைப் போயி அட்டைன்னு… அடப்பாவி மனுஷா" என்று தன் நெற்றியில் மற்றொரு கையால் அடித்துக்கொண்டார். "தகடுடா இது. சுத்தமான தகடு. பட்டியே இல்லாத வேலை."

பெயின்டருக்கு விரல் நுனி சூடாகி எரிந்தது. பாட்டு முடிந்து கேசட் வெறுமனே சுற்றியது. எடுக்கலாமா என்று பார்த்தார்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை, கையையும் கதவிலிருந்து எடுக்கவில்லை.

"மொதல்லேர்ந்து போடு மாப்ள. விரலை எடுத்துடாத."